தொந்தரவு இல்லை என்பது சான்றாகுமா?

கேள்வி: எனக்கு 58 வயது. என் அண்ணன் புராஸ்டேட் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்று வருகிறார். எனக்குச் சிறுநீர் கழிப்பதில் ஒரு தொந்தரவும் இல்லை. ஆனாலும் புராஸ்டேட் சுரப்பியில் உருவாகும் ஒரு புரதத்தின் அளவைப் பார்க்கும் பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளும்படி மகள் வற்புறுத்துகிறாள். 'அந்த நோய் வந்தவர் அதனால் சாவதில்லை, வேறு எதனாலோதான் சாகிறார்' என்கிறார் நண்பர். நன்றாக இருக்கும் உடம்பை ஏன் கிளறிப் பார்க்க வேண்டும்?

பதில்: உங்கள் நண்பர் சொல்வதில் பாதி உண்மை; அந்தப் பாதியும் உங்கள் மகளுக்கே சாதகமானது. பிரிட்டனில் நடந்த புரோடெக்ட் ஆய்வில் 1,643 ஆண்களை அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு, கண்காணிப்பு என்று மூன்று பிரிவுகளாக்கிச் சுமார் 15 ஆண்டுகள் கவனித்து வந்தார்கள். எந்தப் பிரிவை எடுத்துக்கொண்டாலும் இந்நோயால் இறந்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேர் அளவே என்று 2023இல் முடிவு வெளியானது. ஆனால் அவர்கள் அனைவரும், நோய் சுரப்பியைத் தாண்டும் முன்பே பி.எஸ்.ஏ. பரிசோதனையின் வழியாகக் கண்டறியப்பட்டவர்கள். நோய் எலும்புக்குப் பரவி, முதுகெலும்பில் வலி கண்ட பிறகு மருத்துவரைத் தேடிப் போகிறவருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

தொந்தரவு இல்லை என்கிறீர்கள். சிறுநீர்க் குழாய் இந்தச் சுரப்பியின் நடுவே செல்கிறது. புற்றோ பெரும்பாலும் அதன் வெளிப்புறப் பகுதியில் தோன்றுகிறது. ஆகவே தொடக்கத்தில் அது குழாயை நெருக்குவதும் இல்லை, உங்களுக்குத் தகவல் சொல்வதும் இல்லை. இரவில் பலமுறை எழுந்து போக வைப்பது பெரும்பாலும் வயதோடு வரும் சாதாரண வீக்கம்தான்.

பரிசோதனைக்கு எதிரான வாதத்தையும் மறைப்பதற்கில்லை. தொற்று, வீக்கம் ஆகியவற்றாலும் பி.எஸ்.ஏ. அளவு கூடும். வாழ்நாள் முழுதும் தீங்கு செய்யாத மெதுவான புற்றைக் கண்டுபிடித்து, அதை அகற்றப் போய், சிறுநீர்க் கசிவுக்கும் ஆண்மைக் குறைவுக்கும் ஆளானவர்கள் உண்டு. இதனால்தான் அமெரிக்கத் தடுப்பு மருத்துவப் பணிக்குழு 2012இல் இப்பரிசோதனையே வேண்டாம் என்றது. 2018இல் அதைத் திருத்தி, 55 முதல் 69 வயது வரையுள்ளோர் மருத்துவருடன் பேசி முடிவு செய்யட்டும் என்றது. இடைப்பட்ட காலத்தில், கண்டறிந்தவுடன் கத்தி வைக்காமல், பி.எஸ்.ஏ.வையும் எம்.ஆர்.ஐ.யையும் குறித்த இடைவெளிகளில் பார்த்துக்கொண்டு நோயோடு இயல்பாக வாழும் முறை பரவலாகியிருந்தது. நோய் இருப்பதை அறிவது வேறு, அதற்கு உடனே சிகிச்சை செய்துகொள்வது வேறு. இரண்டையும் ஒன்றாக எண்ணுவதால்தான் உங்களுக்கு இவ்வளவு தயக்கம். (வெட்கமும் கொஞ்சம் இருக்கலாம், உங்கள் மகளுக்கு அது இல்லை என்பதைக் கவனியுங்கள்.)

உடன்பிறந்தவருக்கு இந்நோய் இருந்தால் நமக்கு வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கு. எனவே உங்கள் நிலையில் பேச்சை இனியும் தள்ளிப்போட இடமில்லை. மருத்துவரிடம் போகும்போது, அண்ணனுக்கு எந்த வயதில் நோய் தெரிந்தது, அவருடைய திசுப் பரிசோதனை அறிக்கையில், புற்றின் தீவிரத்தைக் காட்டும் கிளீசன் மதிப்பெண் எவ்வளவு என்ற இரண்டையும் கேட்டு எழுதிக்கொண்டு போங்கள். முடி கொட்டுவதற்காகவோ வேறெதற்காகவோ ஃபினாஸ்டிரைடு மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் அதையும் சொல்லிவிடுங்கள், அது பி.எஸ்.ஏ. அளவைப் பாதியாகக் குறைத்துக் காட்டிவிடும்.