முட்டை ஓட்டில் ஒரு ஜன்னல்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் மகள் உயிரியலில் முதுகலை படிக்கிறாள். அவர்களுடைய ஆய்வகத்தில் கோழி முட்டையின் ஓட்டைச் சிறிது வெட்டி எடுத்துவிட்டு, உள்ளே வளரும் கருவைப் பார்க்கிறார்களாம். மனிதக் கரு வளர்வதைப் புரிந்துகொள்ளவும் இது உதவும் என்கிறாள். பறவையின் முட்டையிலிருந்து மனிதரைப் பற்றி என்ன தெரிந்துகொள்ள முடியும்?
– வாசகி, திருச்சி

பதில்: முதலில் ஒரு சொற்குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். தமிழில் முட்டையின் மஞ்சள் பகுதியும் கரு, வெள்ளைப் பகுதியும் கரு, அதில் வளரும் உயிரும் கரு. அதனாலோ என்னவோ, மஞ்சள் கருவே குஞ்சாக மாறுகிறது என்று நம்புகிறவர்கள் இன்றும் பலர் இருக்கிறார்கள். மஞ்சள் கரு குஞ்சுக்குத் தாய்க்கோழி கட்டிக்கொடுத்த கட்டுச்சோறு மட்டுமே. அதன் மேற்பரப்பில் மூன்று, நான்கு மில்லிமீட்டர் அகலத்தில் வெளிறிய வட்டம் ஒன்று இருக்கும். குஞ்சு உருவாவது அந்த வட்டத்திலிருந்துதான். சேவலோடு சேர்ந்த கோழி இடும் முட்டையில், அது வெளியே வரும்போதே அந்த வட்டத்தில் பல்லாயிரம் செல்கள் பெருகியிருக்கும். முட்டை குளிர்ந்ததும் வளர்ச்சி நின்றுவிடும்; மீண்டும் ஏறக்குறைய 38 டிகிரி செல்சியஸ் வெப்பம் கிடைத்தால், விட்ட இடத்திலிருந்து தொடரும். ஆய்வாளருக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்? தமக்குத் தேவையான நாளிலிருந்து 21 நாள் கணக்கை அவரே தொடங்கிவைக்கலாம்.

உங்கள் மகள் செய்வதும் எளிமையான வேலைதான். முட்டையைப் படுக்கவைத்து அடைகாக்கும் பெட்டியில் வைத்தால் கரு மேல்பக்கமாக மிதந்து வந்து நிற்கும். பிறகு ஊசியால் சில மில்லிலிட்டர் வெண்கருவை உறிஞ்சி எடுத்தால் கரு சற்றுக் கீழே இறங்கும். அதற்கு மேலே உள்ள ஓட்டை நுண்ணிய கத்தரியால் வெட்டினால் ஜன்னல் திறந்துவிடும். பார்க்க வேண்டியதைப் பார்த்து, செய்ய வேண்டியதைச் செய்து, ஒட்டுநாடாவால் மூடி மீண்டும் பெட்டியில் வைத்தால் கரு தொடர்ந்து வளரும். எலியின் கருவிலோ தாயின் வயிற்றைத் திறக்காமல் இப்படித் தொட்டுப் பார்க்க வழியில்லை. ஒரு உறுப்பை அகற்றினால் என்ன ஆகிறது, ஓரிடத்துச் செல்களை வேறிடத்தில் நட்டால் என்ன ஆகிறது என்று கேட்டு, சில நாட்களில் அதே கருவிலேயே விடையைப் பார்க்க முடிவதுதான் கோழி முட்டையின் தனிச்சிறப்பு.

மனிதரோடு உள்ள தொடர்புக்கு வருகிறேன். ஆரம்ப நாட்களில் மனிதக் கரு தட்டையான தட்டு வடிவில் இருக்கிறது. கோழிக் கருவும் அப்படியே. எலிக் கருவோ அந்தக் கட்டத்தில் கிண்ணம்போல் மடிந்திருக்கிறது. அந்தத் தட்டில் மூன்று அடுக்குகள் உண்டாவதையும், அவற்றிலிருந்து உறுப்புகள் கிளைப்பதையும் கிறிஸ்டியன் பாண்டர் 1817-இல் முதன்முதலில் விவரித்தது கோழிக் கருவை வைத்துத்தான். முதுகெலும்புள்ள விலங்குகள் அனைத்துக்கும் அந்த அடிப்படைத் திட்டம் ஒன்றே.

விரல்களை எடுத்துக்கொள்ளுங்கள். 1968-இல் ஜான் சாண்டர்ஸும் அவருடைய துணை ஆய்வாளரும் கோழிக் கருவில் பிறகு சிறகாக வளரும் சிறு புடைப்பான சிறகு மொட்டில் பின்விளிம்பிலிருந்து சிறு துண்டை வெட்டி, இன்னொரு மொட்டின் முன்விளிம்பில் நட்டார்கள். வளர்ந்த சிறகில் விரல்கள், கண்ணாடியில் தெரியும் பிம்பத்தைப் போல, இரட்டையாக முளைத்திருந்தன. எந்த விரல் எங்கே முளைக்க வேண்டும் என்று அந்தச் சிறு துண்டு அறிவிக்கிறது என்பது அதில் தெரிந்தது. அந்த அறிவிப்பைச் சுமக்கும் மரபணு 1993-இல் அடையாளம் காணப்பட்டது. மனிதரில் ஆறு விரல்களோடு பிறக்கும் சிலரிடம், இதே மரபணுவை இயக்கும் பகுதியில்தான் பிழை இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. பிரான்சைச் சேர்ந்த நிக்கோல் லெ துவாரென், காடையின் செல் உட்கருவை நுண்ணோக்கியில் பார்த்தால் கோழியினுடையதிலிருந்து எளிதில் பிரித்தறியலாம் என்று 1969-இல் கண்டார். காடைக் கருவின் ஒரு பகுதியைக் கோழிக் கருவில் நட்டுவிட்டால் அந்தச் செல்கள் எங்கெல்லாம் பயணம் செய்கின்றன என்று தேடிப் பிடிக்கலாம் அல்லவா? பிறகு மூளையாகவும் தண்டுவடமாகவும் மாறும் நரம்புக் குழாயின் மேல்விளிம்பிலிருந்து புறப்படும் செல்கள் முகத்தின் எலும்புகளாகவும், தோலின் நிறமிச் செல்களாகவும், குடலின் நரம்புகளாகவும் மாறுவது இப்படித் தெளிவாயிற்று. சில குழந்தைகள் பெருங்குடலின் கடைப்பகுதியில் நரம்பு முடிச்சுகளே இல்லாமல் பிறந்து, மலம் கழிக்க முடியாமல் தவிப்பது, இந்தச் செல்கள் தங்கள் பயணத்தை முடிக்காததால்தான்.

கேள்வி: போர்க்காலத்தில் ஒரு பெண் விஞ்ஞானி தமது படுக்கையறையில் முட்டைகளை வைத்து ஆராய்ந்து நோபல் பரிசு பெற்றார் என்று படித்தேன். இது உண்மையா, கற்பனையா?
– வாசகர், மதுரை

பதில்: உண்மைதான். இத்தாலியின் டூரின் நகரில் 1909-இல் பிறந்த ரீட்டா லெவி-மொன்டால்சினி, யூதர் என்பதால் 1938-ஆம் ஆண்டின் இனச் சட்டங்களால் பல்கலைக்கழகத்தை இழந்தார். தமது படுக்கையறையில் சிறு ஆய்வகம் அமைத்து, தையல் ஊசிகளைத் தீட்டிக் கருவிகளாக்கிக்கொண்டார். குண்டுவீச்சு கடுமையானபோது குடும்பம் கிராமத்துக்குக் குடிபெயர்ந்தது. அங்கும் அவர் பண்ணை பண்ணையாகச் சென்று முட்டை கேட்டு வாங்கினார். கரு எடுத்தபின் மிஞ்சிய முட்டை வீணாகவில்லை. பஞ்ச காலத்தில் அது வீட்டாருக்கு ஆம்லெட் ஆயிற்று.

கோழிக் கருவின் கை, கால் மொட்டை அகற்றினால், அதற்குச் செல்ல வேண்டிய நரம்புச் செல்கள் குறைந்துவிடுவது முன்பே தெரிந்திருந்தது. அமெரிக்காவில் பணியாற்றிய கருவியல் ஆய்வாளர் விக்டர் ஹாம்பர்கர், அந்தச் செல்கள் உருவாகவே தூண்டுதல் கிடைக்கவில்லை என்று கருதியிருந்தார். லெவி-மொன்டால்சினியோ, செல்கள் உருவாகி, வளர்ந்து, போய்ச் சேர இடமில்லாததால் பிறகு மடிகின்றன என்று கண்டார். தம் கருத்தை மறுத்தவரை ஹாம்பர்கர் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகருக்கு அழைத்துக்கொண்டார் என்பது எனக்கு அந்தக் கண்டுபிடிப்பைவிடப் பெரிதாகத் தோன்றுவதுண்டு. சில மாதங்களுக்கென்று 1947-இல் போனவர் பல ஆண்டுகள் அங்கே பணியாற்றி, நரம்புகளை உயிரோடு காக்கும் வளர்ச்சிக் காரணியைக் கண்டறிந்தார். அதற்காக 1986-இல் ஸ்டான்லி கோஹனோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

கேள்வி: கருவுக்கு வலிக்காதா?
– வாசகி, ஈரோடு

பதில்: நியாயமான கேள்வி. மேலே சொன்ன வகைச் சோதனைகளில் பெரும்பாலானவை முதல் சில நாட்களுக்குள் முடிந்துவிடும். அப்போது வலியை உணர்வதற்கான மூளை அமைப்பே உருவாகியிருக்காது. அடைகாலத்தின் பிற்பகுதியைப் பற்றி அப்படி உறுதியாகப் பேச முடியாது. பிரிட்டனின் சட்டம், அடைகாலத்தின் கடைசி மூன்றில் ஒரு பங்கை எட்டிய பறவைக் கருவுக்கு ஆய்வக விலங்குக்குரிய பாதுகாப்பை அளிக்கிறது. அந்த எல்லையை நான் ஏற்கிறேன்.

கேள்வி: கடையில் வாங்கிய முட்டையை வைத்து வீட்டிலேயே கரு வளர்வதைப் பார்க்கலாமா?
– பள்ளி மாணவர், திண்டுக்கல்

பதில்: பண்ணைகளில் முட்டைக்கென்று வளர்க்கும் கோழிகள் சேவலைப் பார்ப்பதே இல்லை, ஆகவே அந்த முட்டைகளில் கரு வளராது. சேவலோடு திரியும் நாட்டுக்கோழி அடைகாத்துக்கொண்டிருந்தால் அதுவே உங்களுக்குப் போதும். ஓட்டை வெட்ட முயல வேண்டாம்; கிருமி புகுந்துவிடும். ஐந்தாம் நாள் இரவு, இருட்டறையில் முட்டையின் அகன்ற முனையில் டார்ச் விளக்கை அணைத்துப் பிடித்துப் பாருங்கள். சிலந்திக் கால்கள்போல் நாலாபுறமும் ஓடும் சிவந்த இரத்தக் குழாய்களும், நடுவே ஒரு கரும்புள்ளியும் தெரியும். பார்த்ததும் முட்டையைத் தாமதிக்காமல் கோழியின் அடியில் திரும்ப வைத்துவிடுங்கள். பத்தாம் நாளிலும் ஒன்றும் தெரியாமல் உள்ளே வெறும் வெளிச்சமாக இருந்தால், அது கூமுட்டை.