மதர்போர்டு மாறியது, பூட்டு திறக்கவில்லை: கணினிக் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் வட்டாரத் தமிழ்ப் பள்ளியின் செயலாளர் நான். உறுப்பினர் பட்டியல், அவர்களுடைய அடையாள எண்கள், பல ஆண்டுக் கணக்குகள் எல்லாம் என் மடிக்கணினியில் இருக்கின்றன. சென்ற மாதம் மின்தடை முடிந்து மின்சாரம் வந்த வேகத்தில் கணினி செயலிழந்தது. பழுதுபார்ப்பவர் மதர்போர்டை மாற்றிவிட்டார். வட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றும் சொன்னார். ஆனால் இயக்கியதும் நீலத் திரை தோன்றி, 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கிறது. நான் எந்தச் சாவியும் வைத்ததில்லை. ஃபார்மட் செய்துவிடலாம் என்கிறார் அவர். செய்யலாமா?
– வாசகி, சாட்ஸ்வர்த், தென்னாப்பிரிக்கா

பதில்: வேண்டாம், அம்மா. ஃபார்மட் செய்தால் கணினி மீண்டும் இயங்கும். பள்ளியின் கணக்குகள் அழிந்துவிடும். அந்தச் சாவி எங்கோ ஓரிடத்தில் இருப்பதற்கே வாய்ப்பு அதிகம்.

நீங்கள் பூட்டாத பூட்டு எப்படி வந்தது என்பதை முதலில் சொல்கிறேன். விண்டோஸ் 11 உள்ள பல கணினிகளில், மைக்ரோசாஃப்ட் கணக்கைக் கொண்டு முதன்முறை உள்நுழைந்தவுடன் வட்டு முழுவதும் தானாகவே குறியாக்கம் செய்யப்பட்டுவிடுகிறது, அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாத வடிவுக்கு மாறிவிடுகிறது. அதைத் திறப்பதற்குரிய சாவியை டிபிஎம் என்னும் பாதுகாப்புச் சில்லு காத்து வைக்கிறது. சில கணினிகளில் அது மதர்போர்டில் பதித்த தனிச் சில்லு. வேறு பலவற்றில் செயலிக்குள்ளேயே அமைந்த ஒரு பகுதி. கணினி விழித்தெழும்போது, முதலில் இயங்கும் அடிப்படை நிரலான பயாஸ் தொடங்கி விண்டோஸை எழுப்பும் நிரல் வரை ஒவ்வொரு படியின் கைரேகை போன்ற ஓர் அளவீடும் அந்தச் சில்லில் பதிவாகிறது. முன்பு சாவியைப் பூட்டி வைத்தபோது இருந்த அளவீடுகளோடு இன்றைய அளவீடுகள் பொருந்தினால்தான் சில்லு சாவியை விடுவிக்கும். வட்டைக் கழற்றி வேறு கணினியில் பொருத்தும் திருடனுக்கு அதில் புரியாத எழுத்துக் குவியல்தான் கிடைக்கும். வீடு புகுந்து மடிக்கணினியைத் தூக்கிச் செல்வது அரிதல்லாத நம் ஊரில் இது பெரிய காவல் என்றே நான் கருதுகிறேன். ஆனால் மதர்போர்டு மாறும்போது அந்தச் சில்லும் போய்விடுகிறது. புதிய சில்லுக்கு உங்கள் வட்டை அடையாளமே தெரியாது. ஆகவே அது மீட்புச் சாவியைக் கேட்கிறது.

இனி செய்ய வேண்டியது. நீலத் திரையில் எட்டு எழுத்துகளில் ஒரு சாவி அடையாளம் தெரியும்; அதைக் குறித்துக்கொள்ளுங்கள். வேறொரு கணினியிலோ கைப்பேசியிலோ உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்து, சாதனங்கள் பகுதியில் அதே அடையாளம் உள்ள சாவி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், கணினியை முதலில் அமைத்துக் கொடுத்தவர் யார் என்று நினைவுபடுத்திப் பாருங்கள். மகனோ மருமகளோ தம் கணக்கைக் கொண்டு அமைத்திருந்தால் சாவி அவர்கள் கணக்கில்தான் கிடக்கும். அங்கும் இல்லையென்றால், பழைய மதர்போர்டை எறிந்துவிட வேண்டாம் என்று கடைக்காரரிடம் உடனே சொல்லுங்கள். மின்பாய்ச்சலில் மின்சுற்று மட்டும் கருகி, சில்லும் செயலியும் தப்பியிருக்கக்கூடும். அந்தப் பலகையைத் திறமையானவர் உயிர்ப்பித்தால் வட்டு அதிலேயே திறக்கலாம். இவை எதுவும் பலிக்கவில்லை என்றால் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தாலும் அதைத் திறக்க முடியாது.

திறந்ததும் சாவியைத் தாளில் எழுதி, வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள். கோப்புகளின் காப்புநகலை ஒரு புறவட்டில் எடுத்து, அதையும் குறியாக்கம் செய்து வேறோர் இடத்தில் வையுங்கள். குறியாக்கத்தை அணைத்துவிடலாமே என்று தோன்றும். உங்கள் நிலையில் அதை நான் ஏற்கமாட்டேன். பிறருடைய அடையாள எண்களை வைத்திருப்பவர் அவற்றைத் தகுந்த முறையில் காக்க வேண்டும் என்று நம் நாட்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமான போப்பியா சொல்கிறது. சிறிய பள்ளிக்கும் அது பொருந்தும்.

கேள்வி: என் மேசைக்கணினியில் விண்டோஸ் 10 உள்ளது. டிபிஎம் 2.0 இல்லாததால் விண்டோஸ் 11 ஏறாது என்று செய்தி வருகிறது. புதிய கணினி வாங்கியே தீர வேண்டுமா?
– வாசகர், ஃபீனிக்ஸ்

பதில்: கணினியின் வயதைப் பொறுத்தது. 2016ஆம் ஆண்டின் நடுப்பகுதிக்குப் பின் விண்டோஸோடு விற்பனைக்கு வந்த பெரும்பாலான கணினிகளில் இந்த வசதி உண்டு, ஆனால் அணைத்து வைக்கப்பட்டிருக்கலாம். பயாஸ் அமைப்பில் இன்டெல் செயலியாக இருந்தால் பிடிடி என்றும், ஏஎம்டி செயலியாக இருந்தால் எஃப்டிபிஎம் என்றும் அது பெயர் பெற்றிருக்கும். அதை இயக்கினாலும், செயலி மிகப் பழையதாக இருந்தால் விண்டோஸ் 11 ஏற்காது. இன்டெலில் ஏறத்தாழ எட்டாம் தலைமுறை முதல்தான் ஏற்கிறது. பயாஸைப் புதுப்பிக்க நேர்ந்தால் யுபிஎஸ் இல்லாமல் தொடங்காதீர்கள். பாதியில் மின்சாரம் போனால் மதர்போர்டே பயனற்றுப் போகக்கூடும், நம் ஊர் மின்தடைகளை நீங்கள் அறிவீர்கள்.

விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தன. வீட்டுப் பயனாளர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்புத் திட்டம் உண்டு. அதன் பிறகும் பழைய கணினியையே வைத்திருக்க விரும்பினால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்னும் இயங்குதளத்தை நிறுவலாம். புதுப்பிப்பு இல்லாத விண்டோஸில் வங்கி வேலை பார்ப்பதை மட்டும் விட்டுவிடுங்கள்.

கேள்வி: விரல் ரேகையால் கணினியைத் திறக்கிறேன். என் ரேகை எங்காவது அனுப்பப்படுகிறதா?
– வாசகி, பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: ரேகையால் திறக்கும் வசதியான விண்டோஸ் ஹலோவில் ரேகையின் பதிவு உங்கள் கணினியிலேயே தங்கிவிடுகிறது, மைக்ரோசாஃப்டுக்கு அனுப்பப்படுவதில்லை. ரேகைக்குத் துணையாக வைக்கும் பின் எண்ணும் அந்த ஒரு கணினிக்கே உரியது. அதைப் பலமுறை தவறாக அடித்தால் டிபிஎம் சில்லு காத்திருக்கச் செய்யும். ஆகவே வரிசையாக ஊகித்துப் பார்ப்பவருக்கு எளிதில் கிட்டாது. ஆயினும் பிறந்த ஆண்டைப் பின் எண்ணாக வைத்திருந்தால் இன்றே மாற்றிவிடுங்கள். உங்களை அறிந்தவர் அதை முதல் முயற்சியிலேயே கண்டுபிடித்துவிடலாம்.