சான்றிதழ் இருந்தால் ஹைபரி இருக்கை அசலாகிவிடுமா?

கேள்வி: ஐயா, லண்டனில் பல ஆண்டுகளாக வசிக்கிறேன். ஆர்சனல் கால்பந்துக் கழகத்தின் பழைய ஹைபரி மைதானத்திலிருந்து எடுத்தது என்று சொல்லி, சிவப்பு பிளாஸ்டிக் இருக்கை ஒன்றை 450 பவுண்டுக்கு ஒருவர் விற்கிறார். ‘க்ளாக் எண்ட், 1936, அசல் இருக்கை’ என்று ஹோலோகிராம் ஒட்டிய சான்றிதழும் தருகிறார். முன்பணமாக 50 பவுண்டை வங்கி வழியாக அனுப்பிவிட்டேன். ‘மார்பிள் ஹால்’ சலவைக்கல் துண்டு ஒன்றும் அவரிடம் இருக்கிறதாம். இருக்கையை என் ஆறு வயது மகனின் அறையில் வைக்க ஆசை. மீதியைக் கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். உங்களை இழுத்த அந்தச் சான்றிதழே அவரைக் காட்டிக்கொடுக்கிறது.

‘க்ளாக் எண்ட், 1936’ என்ற இரண்டையும் சேர்த்து எழுதியவருக்கு அந்த மைதானத்தின் கதை தெரியாது. 1913இல் ஒரு இறையியல் கல்லூரியின் விளையாட்டுத் திடலைக் குத்தகைக்கு எடுத்துத்தான் ஆர்சனல் அங்கே குடியேறியது. ஆர்ச்சிபால்ட் லீச் என்ற கட்டடக் கலைஞர் கிழக்குப் பக்கம் மட்டும் ஒரு ஸ்டாண்ட், அதாவது பார்வையாளர் மாடம், கட்டினார். மற்ற மூன்று பக்கமும் மண்மேடும் படிகளும்தான். மக்கள் நின்றுகொண்டுதான் ஆட்டம் பார்த்தார்கள். 1932இல் மேற்கு ஸ்டாண்ட் வந்தது. 1936இல் லீச் கட்டியதை இடித்துவிட்டு இன்றைய கிழக்கு ஸ்டாண்டை எழுப்பினார்கள். அந்த 1936ஐத்தான் உங்கள் விற்பனையாளர் எங்கோ படித்துவிட்டு, ஊரறிந்த க்ளாக் எண்டோடு ஒட்டுப்போட்டிருக்கிறார்.

க்ளாக் எண்ட் என்பது தெற்குப் பக்கம். முதலில் வடக்குப் பக்கத்தில் இருந்த பெரிய கடிகாரத்தை, அங்கே கூரை போட்டபோது தெற்கே மாற்றினார்கள். பெயர் அப்படி வந்தது. அது நின்று பார்க்கும் பக்கம். 1935 மார்ச்சில் சண்டர்லேண்டுக்கு எதிரான ஆட்டத்துக்கு 73,295 பேர் வந்தார்கள். அதுவே அந்த மைதானத்தின் உச்ச எண்ணிக்கை. எல்லோரையும் உட்கார வைத்த கடைசிக் காலத்தில் அதே இடத்தில் 39,000 பேர்கூடக் கொள்ளவில்லை. 1989இல் ஹில்ஸ்பரோ கால்பந்து மைதானத்தில் நடந்த நெரிசல் சாவுகளுக்குப் பிறகு, அவற்றை விசாரித்த டெய்லர் அறிக்கை வந்து, பெரிய கழகங்கள் எல்லாம் இருக்கை போட வேண்டியதாயிற்று. க்ளாக் எண்ட் முழுவதும் இருக்கை வந்தது 1993இல்தான். 1936இல் அங்கே ஒருவர் உட்கார்ந்திருந்தால் படிக்கட்டின் மேல்தான் உட்கார்ந்திருப்பார். அதிலும் சிவப்பு பிளாஸ்டிக்!

இரண்டாவது சங்கதி இதைவிட முக்கியம். 2006 மே 7 அன்று விகன் அணியை 4–2 என்று வென்று ஆர்சனல் ஹைபரியிலிருந்து விடைபெற்றது. அதன்பின் மைதானத்தின் பொருள்கள் பல ஏலத்துக்கு வந்தன. இருக்கைகளையும் விற்பதாகத்தான் இருந்தது. ஆனால் அவற்றில் காட்மியம் என்ற நச்சு உலோகம் சிறிதளவு இருப்பது சோதனையில் தெரிந்ததும் இருக்கை விற்பனையை ரத்து செய்துவிட்டார்கள். ஆகவே, ‘கழகம் விற்றபோது வாங்கியது’ என்ற கதையோடு ஹைபரி இருக்கை ஒன்று வந்தால் அந்த இடத்திலேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு விதிவிலக்கு இருக்கிறது. அதை ஒழுங்காகச் சொல்லாவிட்டால் நாளைக்கே வேறொரு தரகர் இதே விதிவிலக்கைக் கையில் பிடித்துக்கொண்டு உங்களிடம் வருவார். விற்பனை ரத்தானதால் ஒரு இருக்கைகூட வெளியே போகவில்லை என்று அர்த்தம் இல்லை. இடிப்பு வேலைக்கு வந்தவர் ஒன்றைக் கழற்றிக்கொண்டு போயிருக்கலாம். பழுது பார்த்தபோது முன்பே கழற்றிப் போட்டது ஒருவர் வீட்டுப் பின்கட்டில் கிடக்கலாம். அப்படிப்பட்ட இருக்கை உண்மையிலேயே அசலாக இருக்கும். ஆனால் கவனியுங்கள்: அப்படி வெளியே வந்த பொருளுக்கு அந்த விற்பனையின் சான்றிதழ் இருக்க வழியே இல்லை. அதற்கு இருக்கக்கூடியதெல்லாம் கழற்றியவரின் பெயர், அவர் அங்கே வேலை செய்ததற்கான சம்பளச் சீட்டு அல்லது கடிதம், அவர் யாருக்குக் கொடுத்தார், அவரிடமிருந்து இன்றைய விற்பனையாளருக்கு எப்படி வந்தது என்ற வரிசை. அசலுக்கு அழுக்குப் படிந்த காகிதமோ வெறும் வாய்வார்த்தையோதான் மிஞ்சும், போலிக்குத்தான் பளபளப்பு. கோல் கம்பம், ஆடுகளத்துப் புல் போன்றவற்றின் கதை வேறு. அவை ஏலம் போனவை. அவற்றுக்கு ஏல எண்ணும் ரசீதும் இருக்க வேண்டும். ஆனால் ஏலம் போன புல்லைக் காட்டி இருக்கைக்கு நியாயம் பேச விடாதீர்கள். அந்தத் தந்திரத்தையும் பார்த்திருக்கிறேன்.

சலவைக்கல் துண்டு பற்றிக் கேட்டதும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. கிழக்கு ஸ்டாண்டின் நுழைவு மண்டபத்துக்கு ‘மார்பிள் ஹால்’ என்று பெயர் நிலைத்துவிட்டது. ஆனால் அங்கே இருப்பது டெராஸோ, நம்மவர் பேச்சில் மொசைக். சலவைக்கல் இல்லாத மண்டபத்திலிருந்து சலவைக்கல் துண்டு! தவிர, கிழக்கு ஸ்டாண்ட் பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் இருக்கிறது. மைதானம் ஹைபரி ஸ்கொயர் என்ற குடியிருப்பாக மாறி, ஆடுகளம் தோட்டமான பிறகும் அந்த முகப்பு அவெனல் சாலையில் அப்படியே நிற்கிறது. அனுமதியில்லாமல் அதில் கைவைப்பது குற்றம். அந்தத் துண்டு பொய்யானால் பணம் போயிற்று, மெய்யானால் வம்பு வந்தது.

இந்தத் தொழிலில் இருப்பவன் என்பதால் வெளிப்படையாகவே சொல்கிறேன். விளையாட்டு நினைவுப்பொருளுக்குச் சான்றிதழ் எழுதித்தர இந்த நாட்டில் உரிமமும் தேவையில்லை, தேர்வும் கிடையாது. அச்சு இயந்திரம் வைத்திருக்கும் எவரும் ‘நம்பகத்தன்மைச் சான்றிதழ்’ வழங்கலாம். ஹோலோகிராம் ஒட்டுத்தாளைச் சுருள் சுருளாக விற்கிறார்கள். ‘இன்னொருவர் காத்திருக்கிறார், இன்று மாலைக்குள் சொல்லுங்கள்’ என்ற அவசரம் உங்கள் விற்பனையாளரிடமும் இருந்திருக்குமே? பணத்தை ‘நண்பர், உறவினர்’ என்ற வகையில் அனுப்பச் சொல்வது அடுத்த படி. அப்படி அனுப்பினால் பணம் செலுத்தும் நிறுவனத்தின் வாங்குவோர் பாதுகாப்பு கிடைக்காது.

இனிமேல் எதை வாங்கினாலும், விலை 100 பவுண்டைத் தாண்டினால் வியாபாரியிடம் கடன் அட்டையில் வாங்குங்கள். முன்பணம் மட்டும் அட்டையில் போனாலும் போதும். பொருள் சொன்னபடி இல்லாவிட்டால், 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவின்படி அட்டை நிறுவனமும் பொறுப்பேற்க வேண்டும். நீங்களோ வங்கி வழியாக நேராக அனுப்பிவிட்டீர்கள். மோசடிக்கு அனுப்பிய பணத்தை வங்கிகள் திருப்பித் தர வேண்டும் என்று 2024 அக்டோபரில் பெரிய ஆரவாரத்தோடு விதி வந்தது. அதே விதி 100 பவுண்டு வரை வங்கி பிடித்துக்கொள்ளவும் அனுமதிக்கிறது. உங்கள் 50 பவுண்டு அந்த ஓட்டையில் விழுந்துவிடும் அளவுதான். சிறு தொகை இழப்பவர்தான் இந்தச் சந்தையில் அதிகம். விதி எழுதியவர்களுக்கு அவர்கள் கண்ணில் படவில்லை போலும். ஆனாலும் வங்கியிடம் இன்றே சொல்லுங்கள், எல்லா வங்கியும் அதைப் பிடிப்பதில்லை. வணிகத் தரக் கண்காணிப்புத் துறையிடம் (டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸ்) நேரே புகார் செய்யலாம் என்று நினைக்காதீர்கள். முதலில் சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற ஆலோசனை அமைப்பின் உதவி எண்ணை அழைக்க வேண்டும். அவர்கள் குறித்துக்கொண்டு மேலே அனுப்புவார்கள். பதில் வரும் என்று வழிமேல் விழி வைக்க வேண்டாம். புகார் பதிவானால் அடுத்து ஏமாறுபவருக்கு உதவும் என்பதற்காகத்தான் செய்யச் சொல்கிறேன்.

விற்பனையாளருக்கு இரண்டே வரி எழுதுங்கள்: ‘க்ளாக் எண்டில் 1936இல் இருக்கை கிடையாது. பொருள் விவரித்தபடி இல்லாததால் முன்பணத்தைத் திருப்பி அனுப்புங்கள்.’ தொலைபேசியில் பேசாதீர்கள். பேசினால் அவர் ஜெயித்துவிடுவார். ‘தவறுதலாக எழுதிவிட்டேன், அது 1993’ என்று அவர் பதில் எழுதினால், அந்தக் கடிதத்தையும் வங்கிக்கு அனுப்புங்கள்.

காட்மியம் என்றதும் மகனைப் பற்றி உங்களுக்கு வரக்கூடிய கவலைக்கு: கடினமான பிளாஸ்டிக்குக்குள் சிறிதளவு காட்மியம் இருந்தால், அதன்மேல் உட்காருவதில் பயப்பட ஒன்றுமில்லை. அறுப்பது, உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது, எரிப்பது ஆகியவைதான் கூடாது. தூசியும் புகையும்தான் ஆபத்து. என்றைக்காவது வரலாறு தெளிவான ஒரு ஹைபரி இருக்கை உங்களுக்குக் கிடைத்தால், புதுப்பிக்கிறேன் என்று சாயம் சுரண்டாமல், ஈரத்துணியால் துடைத்து அப்படியே வையுங்கள்.