கையில் நரம்பு பச்சையாகத் தெரிகிறதே, உள்ளே ஓடும் ரத்தம் என்ன நிறம்?

சிவப்புதான். திருப்பூரில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஊசி குத்துவது என் பிழைப்பு. பதினோரு ஆண்டுகளில் பச்சையாகவோ நீலமாகவோ ஒரு சொட்டுகூட எடுத்ததில்லை.

நாம் பச்சை நரம்பு என்று சொல்வது உண்மையில் நரம்பே அல்ல. நரம்பில் ஊசி பட்டால் விரல் நுனிவரை சுரீரென்று இழுக்கும். கண்ணுக்குத் தெரிவது சிரை, அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய். ஆனாலும் வேலையில் நானும் "நரம்பு கிடைக்கவில்லை" என்றுதான் சொல்வேன். "சிரை கிடைக்கவில்லை" என்றால் வந்தவர் பயந்துபோவார்.

நிறத்துக்கு வருகிறேன். இருட்டில் செல்போன் டார்ச்சை விரலால் மூடிப் பாருங்கள், விரல் செக்கச்செவேல் என்று ஒளிரும். சிவப்பு ஒளிக்குச் சதைக்குள் ஆழமாகப் போகும் திறன் உண்டு. நீல ஒளி மேல்தோலை ஒட்டியே சிதறித் திரும்பிவிடும். சிரை இருக்கும் இடத்தில் ஆழப்போன சிவப்பில் ஒரு பங்கை ரத்தம் விழுங்கிக்கொள்கிறது. நீலத்துக்குப் பெரிய இழப்பில்லை. ஆக, சுற்றியுள்ள தோலைவிட அந்தக் கோட்டில் சிவப்பு குறைவு. 1996-இல் ஆல்வின் கீன்லே என்ற ஆய்வாளரின் குழுவினர் இதை அளந்தார்கள். சிரையின் மேலிருந்து வரும் ஒளியிலும் நீலத்தைவிடச் சிவப்பே அதிகம். பக்கத்துத் தோலோடு ஒப்பிட்டுக் கண்தான் அதை நீலமென்று தீர்ப்புச் சொல்கிறது. நம் தோலின் மஞ்சளும் பழுப்பும் சேரும்போது அது பச்சை. கண் வெள்ளையில் ஓடும் மெல்லிய குழாய்கள் மேலாக இருப்பதால் சிவப்பாகவே தெரிகின்றன.

இன்னொரு கேள்வி எனக்கு வாரம் ஒருமுறையாவது வரும். குழாயில் நிரம்புவதைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, இவ்வளவு கறுப்பாக இருக்கிறதே, கெட்ட ரத்தமுங்களா?" என்பார்கள். பள்ளியில் "அசுத்த ரத்தம்" என்று படித்ததன் விளைவு இது. அந்தச் சொல்லைப் பாடத்திலிருந்து எடுத்தால் எனக்குப் பாதிப் பேச்சு மிச்சமாகும். ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபின் பளிச்சென்ற சிவப்பு, இறக்கிவைத்தது அடர்சிவப்பு. அவ்வளவுதான். சும்மா உட்கார்ந்திருப்பவரின் சிரை ரத்தத்தில்கூட ஏறக்குறைய முக்கால் பங்கு ஆக்சிஜன் மீதமிருக்கும்.

சிரைகளுக்குள் ஒருவழிக் கதவுபோல வால்வுகள் உண்டு. காலில் இருக்கும் ரத்தத்தை மேலே ஏற்றுவது பெரும்பாலும் கெண்டைக்கால் தசைதான்: நடக்கும்போது அது சிரையைப் பிழிகிறது, வால்வு கீழே இறங்க விடாது. பனியன் கம்பெனியில் நாளெல்லாம் ஒரே இடத்தில் நின்று இஸ்திரி போடுபவர்களுக்கு அந்தப் பிழிதல் இல்லை. சிலருக்குக் காலில் முறுக்கிய கயிறுபோல நரம்பு புடைத்திருப்பதைப் பார்க்கிறேன். வெரிகோஸ் என்பது அதைத்தான்.

சரி, நாங்கள் எப்படித்தான் கண்டுபிடிக்கிறோம்? நிறத்தை நம்புவதில்லை. ரப்பர் பட்டையைக் கட்டிவிட்டு முழங்கை மடிப்பை விரலால் அழுத்துவேன். காற்றடைத்த டியூப்போல மெத்தென்று எழும்பி வந்தால் அதுதான் இடம். பச்சைப்பசேலென்று தெரிவது பல நேரம் மெலிந்து நழுவும். கறுத்த கையில் கண்ணுக்கே தெரியாதது அருமையாக மாட்டும்.

மார்கழிக் காலையில் குளிருக்கு எல்லோருக்கும் சுருங்கிக் கிடக்கும். வருவதற்கு முன் இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். வெறும் வயிற்றில் எடுக்கும் சர்க்கரைப் பரிசோதனைக்கும் வெறும் தண்ணீர் தடையில்லை.