‘இயற்கை ஃபில்லர்’ என்றால் பயமில்லாமல் போட்டுக்கொள்ளலாமா?

கேள்வி: எனக்கு வயது 46. கண்ணுக்குக் கீழே குழி விழுந்து முகம் எப்போதும் களைப்பாகத் தெரிகிறது. மூக்கோரக் கோடுகளும் ஆழமாகிவிட்டன. “இது உடம்பிலேயே இருக்கிற பொருள், பக்கவிளைவே வராது” என்று சொல்லி, அழகு நிலையத்தில் ஃபில்லர் (குழியையும் கோட்டையும் நிரப்பத் தோலுக்கடியில் போடும் ஊசி) போட அழைக்கிறார்கள். மூன்று வாரத்தில் மகள் திருமணம். போட்டுக்கொள்ளலாமா?

பதில்: அழகு நிலையத்தில் வேண்டாம். திருமணத்துக்கு முன்பும் வேண்டாம்.

அவர்கள் சொல்வது ஹயலூரோனிக் அமிலமாக இருக்க வேண்டும். அது நம் தோலில் இருப்பது உண்மைதான். ஆனால் அப்படியே செலுத்தினால் உடம்பு சில நாட்களில் கரைத்துவிடும். அதனால் நுண்ணுயிர்களைக் கொண்டு தயாரித்து, வேதிப்பொருளால் பிணைத்துக் கெட்டியான ஜெல்லாக்குகிறார்கள். மாதக்கணக்கில் முகத்தில் நிற்பது இந்த ஜெல்தான். இதைவிட இயற்கையானவையும் உண்டு. மாட்டிலிருந்து எடுத்த கொலாஜன் என்ற புரதத்துக்கு அமெரிக்காவில் 1981-லேயே அனுமதி கிடைத்தது. சுமார் 3 சதவீதம் பேருக்கு ஒவ்வாமை வந்ததால், முதலில் கையில் சோதனை ஊசி போட்டு நான்கு வாரம் காத்திருக்க வேண்டியிருந்தது. சொந்தக் கொழுப்பை எடுத்து முகத்தில் வைப்பதில் ஒவ்வாமை இல்லை. ஆனால் எவ்வளவு தங்கும், எவ்வளவு கரையும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. எடை கூடினால் வைத்த இடமும் பருக்கும்.

எனவே “இயற்கையா?” என்பதை விட்டுவிட்டு, “தப்பானால் கரைக்க முடியுமா?” என்று கேளுங்கள். ஹயலூரோனிக் ஜெல்லை மட்டும் ஹயலூரோனிடேஸ் என்ற நொதியால் கரைக்கலாம். கொழுப்பைக் கரைக்க இப்படி ஒரு மருந்து கிடையாது. தேனீ கொட்டிக் கடுமையான ஒவ்வாமை வந்திருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அந்த நொதி தேனீ விஷத்திலும் உண்டு.

பெரிய ஆபத்து ஒவ்வாமையல்ல, ஜெல் ரத்தக் குழாய்க்குள் போய் அடைத்துக்கொள்வது. புருவ நடு, மூக்கு, மூக்கோரக் கோடு எல்லாமே கண்ணுக்குப் போகும் ரத்த ஓட்டத்தோடு தொடர்புள்ள இடங்கள். அடைப்பு வந்தால் அந்த இடம் சட்டென வெளுக்கும், அல்லது வலைபோல ஊதா நிறம் படரும். விரலால் அழுத்தி எடுத்தால் மூன்று விநாடிக்கு மேலாகியும் நிறம் திரும்பாது. வலி பெரும்பாலும் கடுமையாக இருக்கும். ஆனால் மரத்துப்போகும் மருந்து அதை மறைத்துவிடலாம், வலி இல்லையே என்று இருந்துவிடாதீர்கள். அன்றைக்கே நொதி போடாவிட்டால் தோல் அழுகிவிடலாம். பார்வை மங்கினால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது. ரத்தம் நின்றால் விழித்திரை ஒன்று, ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் தாங்காது. ஆகவே தோல் மருத்துவரிடமோ பிளாஸ்டிக் சர்ஜனிடமோ போங்கள். “ஹயலூரோனிடேஸ் இங்கேயே இருக்கிறதா?” என்று கேட்டு, குப்பியைக் காட்டச் சொல்லுங்கள். முத்திரை உடையாத சிரிஞ்சை உங்கள் முன்னால் பிரிக்க வேண்டும், அதன் லாட் எண் (தயாரிப்புத் தொகுதி எண்) ஸ்டிக்கர் உங்கள் கோப்பில் இருக்க வேண்டும். ஊசியில்லாமல் அழுத்தத்தால் செலுத்தும் ‘பேனா’ எதுவானாலும் மறுத்துவிடுங்கள். 2021-லேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அதைப் பற்றி எச்சரித்திருக்கிறது.

உங்கள் கண்ணுக்கு ஃபில்லர் பொருந்துமா என்பதே தனிக் கேள்வி. கண்ணாடி முன் நின்று கீழ்த்தோலை மெல்ல இழுத்துப் பாருங்கள். இழுத்த பிறகும் கருமை அப்படியே இருந்தால் அது நிறமி, நம் நிறத் தோலில் சகஜம். ஃபில்லரால் அது போகாது. நேர் எதிரே விளக்கை வைத்தால் கருமை குறைகிறதென்றால் அது குழியின் நிழல், அதற்கு ஃபில்லர் உதவும். குழியோடு பையும் தொங்கினால் ஜெல் நீரை இழுத்து வீக்கத்தைக் கூட்டிவிடும்.

கண்ணடியில் ஒரு பக்கத்துக்கு அரை மில்லிக்குள் போதும். ஒரே நாளில் ‘நிறைத்துவிடுகிறேன்’ என்றால் சம்மதிக்காதீர்கள். ஆழமாகப் போடாமல் தோலின் மேற்பரப்பை ஒட்டிப் போட்டால் நீலமாகத் தெரியும். மூக்கோரக் கோடு ஆழமாவதற்குக் கன்னச் சரிவும் காரணம். கோட்டையே நிரப்பிக்கொண்டு போனால் வாய்ப்பக்கம் கனத்துவிடும், கன்னத்தில் கொஞ்சம் வைப்பதே பலருக்கு நன்றாக அமைகிறது.

வீக்கமும் ரத்தக்கட்டும் இரண்டு வாரம் நீடிக்கலாம், சரிசெய்ய வேண்டியிருந்தால் இன்னும் நாளாகும். கல்யாணப் படங்களில் அது தெரியும். முகூர்த்தம் முடிந்து பாருங்கள். ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிட்டால், அதைக் கொடுத்த மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். பல் சிகிச்சைக்கும் ஊசிக்கும் இரண்டு வாரமாவது இடைவெளி விடுங்கள்.