பக்கத்து வளவு வேம்பின் வேர் எங்கள் பைப்புக்குள்: மரத்தை எடுக்கச் சட்டம் இடம் தருமா?

கேள்வி: ஐயா, நாங்கள் கிளிநொச்சியில் கரைச்சிப் பக்கம் இருக்கிறோம். 2013இல் வீட்டுத்திட்டத்தில் கட்டிய வீடு. மலசலகூடத்தில் இருந்து கிடங்குக்குப் போகும் நாலு அங்குல பைப்பை வேலியோரமாகப் புதைத்திருக்கிறது. போன மார்கழி மழைக்குக் கழிவு திரும்பி மேலே வந்தது. மேசன் தோண்டிப் பார்த்தால் பைப் நிறைய வேர். பக்கத்து வளவு மாமியின் வேம்பு வேலியில் இருந்து ஆறேழு அடி தள்ளி நிற்கிறது. அப்போது வேரை இழுத்தெடுத்துச் சரிப்பண்ணினோம். வைகாசியில் திரும்பவும் அடைத்துவிட்டது. இதுவரை 85,000 ரூபா செலவாகிவிட்டது. மரத்தைத் தறிக்கச் சொன்னால் மாமி, “அம்மாளாச்சி இருக்கிற மரம். இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது இந்த வளவில் உயிரோடு நின்றது அது ஒன்றுதான். தறிக்க விடமாட்டேன்” என்கிறார். இப்போது இரண்டு வீட்டுக்கும் கதைபேச்சு இல்லை. என் கணவர் மரத்துக்கு மருந்து வைக்கப் போகிறேன் என்று நிற்கிறார். மாமி பொலிசுக்குப் போவேன் என்கிறார். இரண்டும் பெர்மிட் காணி, அரசு அனுமதிப்பத்திரத்தில் தந்தது. வழக்குப் போட்டு மரத்தை எடுப்பிக்கலாமா?

பதில்: சகோதரிக்கு,

மருந்து வைக்கும் யோசனையை இன்றோடு விட்டுவிடும்படி முதலில் உங்கள் கணவரிடம் சொல்லுங்கள். அடுத்தவர் மரத்தை வேண்டுமென்று பட வைப்பது தண்டனைச் சட்டக்கோவையின் 408ஆம் பிரிவு சொல்கிற குற்றம். வேலி தாண்டிப் போய்ச் செய்தால் அத்துமீறலும் சேரும். இன்றைக்கு நீங்கள் பாதிக்கப்பட்டவர். மரம் கருகத் தொடங்கிய நாளில் உங்கள் கணவர் சந்தேகநபர். அதன்பின் பைப்புக்குள் வேர் இருந்த கதையைக் கேட்க யாரும் இருக்க மாட்டார்கள். பைப்புக்குள் மயில்துத்தம் கரைத்து ஊற்றச் சொல்பவர்களும் உண்டு, அதையும் செய்ய வேண்டாம். அது கிடங்குக்குப் போய், மண்ணில் இறங்கி, யாருடைய கிணற்றுக்குப் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. உங்கள் கிணறும் அதே மண்ணில்தான் இருக்கிறது.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். மரத்தை எடுப்பிக்கும் வழக்கில் நீங்கள் வெல்வது கடினம். பைப்பைக் காப்பாற்றிக்கொள்ளும் வழக்கில் வெல்ல இடமிருக்கிறது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியதால்தான் மாமியோடு பேச்சு முறிந்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

வடக்கில் காணிப் பிரச்சினை என்றதும் நம் வழக்காற்றுச் சட்டமான தேசவழமை என்ன சொல்கிறது என்று எல்லாரும் கேட்பார்கள். அது 1707இல் ஒல்லாந்தர் காலத்தில் எழுத்தில் தொகுக்கப்பட்டது. நிலத்துக்கு அடியில் ஓடும் கழிவுப் பைப்பை அன்று யாரும் நினைத்திருக்க முடியாது. ஆகவே இந்த விடயத்தில் நம் நீதிமன்றங்கள் ஒல்லாந்தர் கொண்டுவந்த உரோமன் டச்சுச் சட்டத்தைத்தான் பார்க்கும். அதில் உங்களுக்கு வேலை இருக்கும் இடங்கள் இரண்டு. ஒன்று, அயலவரின் காணியில் இருந்து வரும் தொல்லையை நிறுத்தச் சொல்லிக் கேட்பது. மற்றது, வந்த சேதத்துக்கு நட்டஈடு கேட்பது. தொல்லையை நிறுத்தக் கேட்கும்போது மாமி தவறு செய்தார் என்று காட்ட வேண்டியதில்லை, தொல்லை நியாயமான அளவைத் தாண்டிவிட்டது என்று காட்டினால் போதும். நட்டஈடு அப்படியல்ல. அதற்கு மாமியின் கவனக்குறைவைக் காட்ட வேண்டும்.

மாமி எதில் கவனக்குறைவாக இருந்தார்? மரம் வைத்ததிலா? அது வீட்டுத்திட்டத்துக்கு முன்னமே நின்ற மரம். வேர் நிலத்துக்கடியில் எங்கே போகிறது என்று அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. தெரியவந்த பிறகும் ஒன்றும் செய்யாமல் இருந்தால்தான் அது அவர் தலையில் விழும். எனவே முதல் தடவை செலவழித்த காசை அவரிடம் வாங்குவது கடினம். இரண்டாவது தடவைக்குக் கேட்கலாம், ஆனால் மார்கழியிலேயே அவருக்கு விசயத்தைச் சொல்லி, வேரைக் காட்டியிருந்தால்தான். வெறும் வாய்ப்பேச்சில் சொல்லியிருந்தால் இப்போதே ஒரு கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். சட்டத்தரணியின் கடிதத்தாளில் இருக்க வேண்டுமென்பதில்லை. உங்கள் கையெழுத்திலேயே, எந்தத் திகதியில் என்ன நடந்தது, எவ்வளவு செலவானது, இனி என்ன செய்யக் கேட்கிறீர்கள் என்று மட்டும் எழுதுங்கள். அம்மாளாச்சியைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம்.

மரத்தைப் பற்றிச் சொன்னேன் அல்லவா, அதற்கு ஒரு காரணம் உண்டு. நமக்கும் தென்னாபிரிக்காவுக்கும் இந்தச் சட்டத்தின் வேர் ஒன்றே. அங்கத்தைய தீர்ப்புகளை நம் நீதிமன்றங்கள் கட்டாயம் பின்பற்ற வேண்டியதில்லை, ஆனால் மதித்துப் பார்க்கும். 2003இல் அங்கே ஏறக்குறைய உங்களுடையதைப் போன்ற ஒரு வழக்கு வந்தது. அயலவரின் மரம் எல்லை மதிலையும் கழிவுக் குழாயையும் கெடுக்கிறது, அதை எடுக்க உத்தரவிடுங்கள் என்று கேட்டார்கள். நீதிமன்றம் மறுத்துவிட்டது. மரத்தை அழிக்காமலே பிரச்சினையைத் தீர்க்க வேறு வழி இருக்கும்போது அழிக்கச் சொல்வது நியாயமாகாது என்பது அதன் சாரம். உங்கள் வழக்கிலும் நீதிபதி கேட்கப்போகும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்: பைப்பை ஆறடி தள்ளிப் போட்டால் என்ன? அதற்குப் பதில் வைத்திருக்கிறீர்களா?

அடுத்த கேள்வி இன்னும் கஷ்டமானது. வேர் வந்து பைப்பை உடைத்ததா, கசிந்துகொண்டிருந்த பைப்பைத் தேடி வேர் வந்ததா?

சில வருடங்களுக்கு முன் ஒரு குடும்பம் இதே மாதிரிப் பிரச்சினையோடு என்னிடம் வந்தது. உரப்பைக்குள் சுற்றி இரண்டடி நீளப் பைப் துண்டொன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்கள். உள்ளே வேர், வாராத தலைமயிர் போலச் சடை பிடித்து, பைப்பின் வட்டத்தை அப்படியே அச்சாக எடுத்திருந்தது. ஆனால் அது உள்ளே நுழைந்த இடத்தைத் தேடினால், மூட்டில் ஒரு நூல் அளவு இடைவெளி. அங்கே வேர் பென்சில் முனையை விட மெல்லியதாக இருந்தது. மூட்டைக் கழற்றிப் பார்த்தோம். உள்ளே பைப் கம் பூசிய அடையாளமே இல்லை. மேசன் அவசரத்தில் சும்மா செருகிவிட்டுப் போயிருக்கிறார். அந்த மூட்டு நன்றாக ஒட்டியிருந்தால் வேர் வெளியே தடவிக்கொண்டு போயிருக்கும், உள்ளே வந்திருக்காது. வேருக்குப் பைப்பைத் துளைக்கிற பலம் இல்லை. ஈரம் கசியும் வாசலை அது தேடிப் பிடிக்கிறது. சித்திரை, வைகாசி கடந்து ஆவணி, புரட்டாதி வரை மழையில்லாமல் கிடக்கும் வன்னி மண்ணில், மெல்லக் கசியும் மூட்டைச் சுற்றி மட்டும்தான் ஈரம் இருக்கும். வேம்பு அங்கே வராமல் வேறு எங்கே போகும்?

இப்படி மூட்டில் குறை இருந்தால் உங்கள் வழக்கு முழுதாக விழுந்துவிடாது. 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் ஒன்று இருக்கிறது. சேதத்தில் பாதிக்கப்பட்டவரின் குறையும் கலந்திருந்தால், அந்தப் பங்கைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுக்க நீதிமன்றத்துக்கு அது அதிகாரம் தருகிறது. எவ்வளவு கழியும் என்பது அந்த மூட்டைப் பொறுத்தது. ஆகவே இன்னும் பைப்பை மாற்றவில்லை என்றால், மாற்றும் நாளில் துண்டு துண்டாக உடைத்து எறிய விடாதீர்கள். வேர் நுழைந்த மூட்டின் இரண்டு பக்கமும் ஒரு அடி விட்டு அறுத்தெடுக்கச் சொல்லுங்கள். தோண்டிய கிடங்கில் பைப் கிடக்கும்போதே போனில் படம் எடுங்கள். வேலியும் வேம்பும் ஒரே படத்தில் தெரிய வேண்டும். கிராம சேவையாளரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். மாமியையும் கூப்பிடுங்கள். வராவிட்டாலும் பரவாயில்லை, கூப்பிட்டதைக் கொப்பியில் எழுதி வையுங்கள். மேசனிடம் வாங்கிய பற்றுச்சீட்டு, கூலிக் கணக்கு எல்லாம் ஒரு பைலில் இருக்கட்டும். 85,000 ரூபாவும் கடதாசியில் இல்லாவிட்டால் வெறும் சொல்தான்.

இப்போது நீங்கள் கேட்காத ஒரு விடயம். பைப் வேலியோரமாகப் போகிறது என்கிறீர்கள். அந்த வேலிதான் எல்லையா? மீள்குடியேறிய நேரத்தில் பழைய கதியால் எதுவும் மிஞ்சாத வளவுகளில் கண்மட்டத்துக்கு வேலி அடைத்தவர்கள் எத்தனையோ பேர். வரைபடத்தோடு ஒப்பிட்டால் மூன்றடி அங்கும் இங்குமாக இருக்கும். உங்கள் பைப் மாமியின் காணிக்குள் கிடந்தால் கதையே தலைகீழாகிவிடும். அப்போது அத்துமீறியது வேர் அல்ல, பைப். பத்து வருடத்துக்கு மேல் கிடக்கிறதே, உரிமை வந்துவிடாதா என்று கேட்பீர்கள். உறுதி எழுதிய சொந்தக் காணியில் அந்த வாதத்துக்கு இடமுண்டு. பெர்மிட் காணியில் இல்லை. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச்சட்டம், 161ஆம் பிரிவில், பெர்மிட்டிலோ அளிப்பிலோ கொடுத்த காணியில் நீண்டகால ஆட்சியால் உரிமை பெற முடியாது என்று தெளிவாகச் சொல்கிறது. ஆகவே முதலில் பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவுக்குப் போய் உங்கள் துண்டின் அளவைப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் நில அளவையாளரைப் பிடித்து எல்லைக்கல் எங்கே என்று காட்டச் சொல்லுங்கள். அந்தச் செலவை வீண் என்று நினைக்க வேண்டாம்.

பெர்மிட் காணிக்காரர் வழக்கே போட முடியாது என்று யாராவது பயமுறுத்தினால் நம்பாதீர்கள். காணி அரசினுடையதாக இருந்தாலும், தன் ஆட்சிக்குள் அத்துமீறுபவருக்கு எதிராகப் பெர்மிட்காரர் நீதிமன்றம் போகலாம் என்று 1954இலேயே பலிசேன எதிர் பெரேரா வழக்கில் உயர் நீதிமன்றம் தீர்த்துவிட்டது.

வேரை நீங்களே வெட்டலாமா? உங்கள் பக்கம் வந்த வேரை எல்லைக்கோடு வரைக்கும் வெட்ட உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் கடிதம் போட்டு, இரண்டு மூன்று கிழமை அவகாசம் கொடுத்து, மாமி ஒன்றும் செய்யாவிட்டால் மட்டும் அதைச் செய்யுங்கள். கைப்பெருவிரல் மொத்தத்துக்குக் கீழ்ப்பட்ட வேர்களை வெட்டினால் வேம்புக்கு ஒன்றும் ஆகாது. தொடை மொத்த வேரில் கோடரியை வைக்க விடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் மண் ஊறிக் காற்று அடிக்கும்போது, ஒரு பக்கம் பிடி இல்லாத மரம் யார் வீட்டுக் கூரையில் சாயும்? அந்தச் சேதத்துக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டி வரும்.

சரி, எங்கே போவது? நேரே மாவட்ட நீதிமன்றத்துக்குப் போக முடியாது. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்க மத்தியஸ்த சபைகள் சட்டப்படி, குறிப்பிட்ட தொகைக்கு உட்பட்ட பிணக்குகள் முதலில் மத்தியஸ்த சபைக்குப் போக வேண்டும். 2016 திருத்தத்திலேயே அந்த வரம்பு 5 இலட்சம் ரூபாவாக ஆகிவிட்டது, உங்கள் 85,000 அதற்குள் தாராளமாக அடங்கும். அங்கே இணக்கம் வரவில்லை என்ற சான்றிதழ் கையில் இருந்தால்தான் வழக்கு எடுபடும். சபையில் உங்களுக்காகச் சட்டத்தரணி பேச முடியாது, நீங்களே பேச வேண்டும். உங்கள் விடயத்தில் அது நல்லது என்றே சொல்வேன். சட்டத்தரணிகள் முன்னால் நின்று பேசத் தொடங்கினால் மாமி மரத்தைப் பற்றி மட்டும்தான் பேசுவார்.

அங்கே மரத்தைத் தறிக்கச் சொல்லிக் கேட்காதீர்கள். மாமி எல்லாம் இழந்து வந்து பார்த்தபோது நின்ற மரம் அது. நானும் அந்தப் பக்கத்து வளவுகளைப் பார்த்தவன், அந்தச் சொல் சாட்டு இல்லை. அதோடு பெர்மிட் காணியில் நிற்கும் பெருமரத்தைப் பிரதேச செயலகத்தைக் கேட்காமல் தறிப்பதே பிரச்சினை. இப்படிக் கேளுங்கள்: பைப்பை வேலியில் இருந்து ஆறடி உள்ளே தள்ளி, மூட்டெல்லாம் ஒழுங்காகக் கம் போட்டு ஒட்டி நான் புதிதாகப் போடுகிறேன். வேலிக்கும் பைப்புக்கும் நடுவே மூன்றடி ஆழத்தில் கொங்கிறீட் தகடு இறக்க இடம் விடுங்கள். அந்தச் செலவில் பாதியைத் தாருங்கள், தவணையில் என்றாலும் சரி. இதை மறுக்கும் அயலவரை நான் அதிகம் பார்த்ததில்லை. இணக்கம் வந்தால் திகதியோடும் தொகையோடும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பொலிஸ் விடயம். மாமி முறைப்பாடு கொடுத்து, இரு வீட்டாரும் கைகலப்புக்குப் போகும் நிலை இருப்பதாகப் பொலிசார் கருதினால், 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவில் நீதவானிடம் அறிக்கை வைக்கலாம். வரும் உத்தரவு சமாதானத்துக்கான தற்காலிக உத்தரவுதான், ஆனால் அதற்காக நீதிமன்ற வாசலில் எத்தனையோ நாள் நிற்க வேண்டி வரும். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் மாமியைப் பற்றி முறையிடவும் வேண்டாம். வெளியே வழிவது உங்கள் பைப்பின் கழிவு, அறிவித்தல் உங்களுக்குத்தான் வரும். அதனால் வழக்கு எப்படிப் போனாலும், கழிவு நிலத்தில் தேங்காமல் தற்காலிகமாகவாவது இந்தக் கிழமையே சரிப்படுத்துங்கள்.

கால எல்லை ஒன்று இருக்கிறது. 1871ஆம் ஆண்டின் காலாவதிக் கட்டளைச்சட்டம், 9ஆம் பிரிவு: சேதத்துக்கான வழக்கை இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். போன மார்கழியில் இருந்து எண்ணிக்கொள்ளுங்கள். மத்தியஸ்த சபையின் தவணைகள் மாதக்கணக்கில் இழுபடுவதுண்டு, ஆகவே விண்ணப்பத்தை அடுத்த மாதத்துக்குத் தள்ளிப் போடாதீர்கள். சபைக்குப் போகும்போது அந்தப் பைப் துண்டை உரப்பையில் சுற்றிக் கையோடு கொண்டுபோங்கள். வேர் காய்ந்து உதிராமல் இரண்டு முனையையும் துணியால் கட்டி வையுங்கள்.