காமோஓலேவா நிலவு அன்று

தண்டையார்பேட்டை நண்பருக்கு வணக்கம். பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக உங்கள் மகள் வரையும் படத்தில் காமோஓலேவா சிறுகோளைப் புவியின் இரண்டாம் நிலவாகக் காட்டலாமா, காசிமேட்டிலிருந்து சிறிய தொலைநோக்கியில் அது தெரியுமா என்று கேட்டிருந்தீர்கள். நிலவாகக் காட்ட வேண்டாம். 2016இல் ஹவாயின் பான்-ஸ்டார்ஸ் தொலைநோக்கி கண்டறிந்த அச்சிறுகோள் சூரியனையே சுற்றுகிறது. அதன் சுற்றுக்காலமும் ஏறத்தாழ ஓராண்டே என்பதால், சூரியனை நெருங்குகையில் விரைந்து நம்மை முந்துவதும் விலகுகையில் வேகம் தணிந்து பின்தங்குவதும், நகரும் புவியிலிருந்து பார்க்கும்போது நம்மைச் சுற்றுவதுபோல் தோன்றுகின்றன. சூரியனை நடுவில் வைத்து, புவி, சிறுகோள் இரண்டின் பாதைகளிலும் மாதவாரியாகப் புள்ளியிட்டு, அந்தந்த மாதத்தின் இரு புள்ளிகளையும் கோட்டால் இணைக்கச் சொல்லுங்கள்; நம்மைச் சுற்றுவதுபோல் தோன்றும் அந்த வளையத்தை அவளே கண்டுபிடிக்கும் மகிழ்ச்சியை இழக்கவிடாதீர்கள். நிலவின் தொலைவைப்போல் சுமார் 38 மடங்கை விட நெருங்காத, 100 மீட்டருக்கு மிகாத பாறை என்பதால், அது பெரிய தொலைநோக்கிகளுக்கு மட்டுமே எட்டும்.